கத்தி மழுங்கிய இடம்

அத்தியாயம் நான்கு

“நாலு மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும். அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூட என்னால தர முடியாது” என்றார் இன்ஸ்பெக்டர் அருணாதேவி. சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று இருபது.

தாட்சாயிணி உட்காரவில்லை. அவர் எங்கேயும் உட்கார மாட்டார். இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளையும் கவிழ்ந்த லாரிகளையும் நின்றுகொண்டே பார்த்துப் பழகியவர். வேலையை விட்டுவிட்டுத் திருவண்ணாமலையில் தேரடிக்குப் பக்கத்தில், ஒரு லாட்ஜ் மாடியில் துப்பறியும் ஆபீஸ் திறந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. கொடுத்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு மேஜையைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். அந்தப் பாதி டீயையும் சேர்த்துக் குடித்துக்கொண்டிருந்தான் அவருடைய உதவியாளன் கைலாஷ்.

மேஜை மேல் பிளாஸ்டிக் கவருக்குள் ஒரு கத்தி. ஒரு சாண் நீளம், மொண்ணை முனை, கைப்பிடியில் சைக்கிள் டியூப் ரப்பர் சுற்றியிருந்தது.

“பாத்தா பாவமா இருக்கு மேடம்” என்றான் கைலாஷ். “எங்காத்துல தேங்கா உரிக்கிற கம்பிகூட இதைவிடக் கோவமா இருக்கும்.”

விஷயம் இதுதான். கீழ்பென்னாத்தூருக்கு வெளியே உள்ள பெரிய ஏரியில், செவ்வாய்க்கிழமை காலை, வளவன் என்கிற முப்பத்திரண்டு வயது மீன்காரன் மூழ்கிச் செத்துப்போனான். லாரி டியூபில் மிதந்து போய் வலை எடுக்கிறவன். வலைக்கயிறு காலில் சுற்றிக்கொண்டது, டியூப் நழுவிவிட்டது. கயிறை அறுக்கக் கத்தி எடுத்திருக்கிறான், கத்தி அறுக்கவில்லை. பிணத்தின் கையில் அது அப்படியே இருந்தது. முந்தின நாள் சாயங்காலம்தான் பாஞ்சாலை என்கிற சாணை பிடிக்கிற அம்மாள் அதைத் தீட்டிக் கொடுத்திருந்தாள். கொடுக்கும்போது இரண்டு பேருக்கும் வாய்த்தகராறு. “ஏரியில கயிறு மாட்டினா தெரியும்டா உனக்கு!” என்று அவள் கத்தியதை டீக்கடையில் நாலு பேர் கேட்டிருக்கிறார்கள். வேண்டுமென்றே கத்தியை மழுங்கடித்துக் கொடுத்தாள் என்று வளவனுடைய அண்ணன் சக்கரவர்த்தி புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். ஏரியைக் குத்தகை எடுத்திருப்பவர் அவர்தான். நேற்று சாயங்காலம் பாஞ்சாலையைக் கைது செய்துவிட்டார்கள்.

இன்று வெள்ளிக்கிழமை. பாஞ்சாலையின் மகள் கவியா காலையில் ஆபீஸ் படியேறி வந்து அழுததில் தாட்சாயிணி வழக்கை எடுத்துக்கொண்டார்.

“ஒரு பழைய பேப்பர் கிடைக்குமா மேடம்?” என்று தாட்சாயிணி இன்ஸ்பெக்டரைக் கேட்டார்.

“எதுக்கு? பஜ்ஜி மடிக்கவா?”

“கத்தியை நீங்களே பிடிங்க. நான் தொடல. பேப்பரை மட்டும் நான் பிடிக்கிறேன்.”

கைரேகை எடுக்கிற வேலை எல்லாம் முடிந்திருந்ததால் அருணாதேவி முனகிக்கொண்டே கவரைப் பிரித்தார். தாட்சாயிணி நேற்றைய பேப்பரைத் தொங்கவிட்டுப் பிடித்தார். இன்ஸ்பெக்டர் கத்தியின் அடிப்பாகத்தை வைத்து இழுத்தார். பேப்பர் சத்தமில்லாமல் இரண்டாகப் பிரிந்தது.

கைலாஷ் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

“இப்ப முனைப் பக்கம்” என்றார் தாட்சாயிணி. அங்கேயும் பேப்பர் சுத்தமாகப் பிரிந்தது. “இப்ப நடுவுல.”

நடுவில் கத்தி பேப்பரைக் கவ்விக் கிழித்தது. நூல் நூலாகத் தொங்கியது.

“ரெண்டு விரல் அகலம்” என்றார் தாட்சாயிணி. “அந்த ரெண்டு விரல் இடம்தான் மழுங்கி இருக்கு. மீதி எல்லாம் நல்லா இருக்கு. ஒருத்தனைச் சாகடிக்கணும்னு மழுங்கடிக்கிறவ, அடியிலேர்ந்து முனை வரைக்கும் இல்ல மழுங்கடிப்பா?”

“கல்லுல பட்டிருக்கலாம்” என்றார் இன்ஸ்பெக்டர். ஆனால் குரலில் பழைய வேகம் இல்லை.

“அதையும் கேட்டுடலாம். கேக்க வேண்டியவங்க வெளியதான் இருக்காங்க.”

பாஞ்சாலை வராண்டா பெஞ்சில் இருந்தாள். ஐம்பது வயது, கறுத்த விரல்கள். மூன்று நாளாக வேலை இல்லாத கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள். தாட்சாயிணியைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

“சண்டை எதுக்கு வந்துச்சு? உள்ளது உள்ளபடி சொல்லுங்க.”

“அவன் ஷேவிங் பிளேடு மாதிரி வழவழன்னு தீட்டச் சொன்னாம்மா. நான் மாட்டேன்னுட்டேன்.” பாஞ்சாலைக்கு இப்போதும் கோபம் வந்தது. “வீட்டுக் கத்தி வேற, தண்ணிக் கத்தி வேற. ஈரக் கயித்துல வழவழப்பு வழுக்கிக்கினு பூடும். கடைசியா முரட்டுக் கல்லுல நாலு இழுப்பு இழுத்து வாயைக் கொஞ்சம் கரகரன்னு விட்டாத்தான் கயித்தைக் கவ்வும். மோட்டார் சாணையில வைக்கக் கூடாது, சூடேறி எஃகு செத்துடும். முனை கூரா இருக்கக் கூடாது, டியூப்ல ஏறிச்சுன்னா முடிஞ்சுது. வேலை ஆனதும் கடலை எண்ணெயில துடைச்சு வைக்கணும். இத்தினியும் சொன்னேன். சிரிச்சான். கோவம் வந்து, ஏரியில கயிறு மாட்டினா தெரியும்டா உனக்குன்னேன்.”

“புத்தி சொன்னதைச் சாபம்னு எழுதிட்டாங்க” என்றான் கைலாஷ்.

“ஜெயிலுக்கு அனுப்பினாகூடப் போய்ட்டு வந்துருவேன் சாமி. பாஞ்சாலை தீட்டின கத்தி வெட்டலைன்னு பேர் வந்துடுச்சு. இனிமே எவன் என்கிட்ட கத்தி குடுப்பான்? எம் பொண்ணு நர்சிங் ரெண்டாவது வருஷம் படிக்குது.”

தாட்சாயிணி இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டுக் கத்தியை நீட்டினார். பாஞ்சாலை அதைக் கண்ணால் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரல் நகத்தைக் கத்தி வாயின் ஓரமாக ஓட்டினாள். நடுவில் வந்ததும் நகம் நின்றது.

“இது கல்லு இல்லீங்க. கல்லுல பட்டா வாய் மடங்கும். இது பல்லு பல்லா உடைஞ்சு கீது.” கண்ணைத் திறந்தாள். அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. “இரும்பு. எதையோ இரும்பை அறுத்திருக்கான்.”

“தண்ணிக்குள்ள இரும்பு ஏதும்மா?” என்றார் அருணாதேவி.

தாட்சாயிணி ஏற்கெனவே வாசலில் இருந்தார்.

“மேடம், கோர்ட்டுக்குப் போற வழிதானே ஏரிக்கரை? மூணே காலுக்கு ஜீப்பை அங்க நிறுத்துங்க. பாஞ்சாலையம்மாவும் கூட இருக்கட்டும்.”

“நிறுத்தலைன்னா?”

“நாளைக்குப் பேப்பர்ல உங்க பேரும் வரும். பஜ்ஜி மடிக்கிற பேப்பர்ல” என்று சொல்லிவிட்டுக் கைலாஷ் தாட்சாயிணியின் பின்னால் ஓடினான்.

கைலாஷைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அண்ணாமலையார் கோயிலில் தலைமுறை தலைமுறையாகப் பூஜை செய்கிற குடும்பத்துப் பிள்ளை. இரண்டு வருஷத்துக்கு முன் தாட்சாயிணியிடம் சேர்ந்தான். யாராவது கேட்டால் அவன் அப்பா இன்னும் “கம்ப்யூட்டர்ல இருக்கான்” என்றுதான் சொல்கிறார். பிணத்தைப் பார்த்தால்கூடத் தாங்கிக்கொள்வான். மீன் வாசனை மட்டும் அவனுக்கு ஆகாது. நீச்சலும் தெரியாது. தெப்பக்குளத்தைப் பார்த்தாலே படியில் நின்று தலையில் மூன்று சொட்டுத் தெளித்துக்கொண்டு திரும்பிவிடுவான். அவனுடைய தலையெழுத்து, இன்றைக்கு இரண்டும் சேர்ந்து வந்தன.

மறுநாள் பௌர்ணமி. கிரிவலத்துக்கு வருகிற வேன்களும் பஸ்களும் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. கைலாஷின் ஸ்கூட்டர் அவற்றுக்கு நடுவே புகுந்து புறப்பட்டு ஏரிக்கரை ஏறியபோது மணி இரண்டேகால். பின்னால் உட்கார்ந்திருந்த தாட்சாயிணி வழி நெடுக வாட்சைப் பார்த்து, அவன் தோளைத் தட்டி, “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று சொல்லிக்கொண்டே வந்ததில் அவனுக்குத் தோள்பட்டையே வலித்தது.

கரையில் காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. தண்ணீர் ஓரிடத்தில் நிற்காமல் அலைந்தது. காற்றோடு ஒரு நாற்றம் வந்தது பாருங்கள், கைலாஷ் கர்ச்சீப்பை எடுத்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டான்.

“வடக்கு வலைங்க” என்றான் ஆதவன். வளவனோடு தொழில் செய்தவன். டியூப் ஒன்றுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவன் அதை விட்டுவிட்டு வந்தான். “செவ்வாக்கிழமை விழுந்த மீனு. நாலு நாளா தண்ணிக்குள்ளயே அழுகிக் கெடக்குது. எடுத்துப் போடறேன்னா அண்ணன் விட மாட்டேன்றாரு. காரியம் முடியட்டும், ஒருத்தனும் அந்த வலையைத் தொடக் கூடாதுன்றாரு.”

“துக்கம் இருக்குமில்ல” என்றார் தாட்சாயிணி.

“இருக்கும்ங்க. ஆனா கடையைப் புதன்கிழமையே திறந்துட்டாரே. வலைக்கு மட்டும் இன்னா துக்கம்?”

“வளவன் மாட்டின வலை எங்க?”

ஆதவன் கைகாட்டினான். கரைச் சரிவில் ஒரு வலை காய்ந்துகொண்டிருந்தது. தாட்சாயிணி அதன் ஓரமாக நடந்தார். மேலே ஓடுகிற பச்சை நிறப் பின்னல் கயிற்றைக் கையால் தொட்டுக்கொண்டே ஒரு முனைக்கு வந்தார், பிறகு மறு முனைக்குப் போனார். திரும்ப முதல் முனைக்கு வந்தார். தண்ணீரில் நட்ட கழியில் கட்ட வேண்டிய பாகம் இரண்டு பக்கமும் மொட்டையாக இருந்தது.

“கைலாஷ், இந்த வெட்டைப் பாரு.”

கயிற்றின் நுனி தட்டையாக நசுங்கி இருந்தது.

“கத்தியால வெட்டினது இல்லை” என்றான் அவன். “ஏதோ கடிச்ச மாதிரி இருக்கு.”

“கட்டிங் பிளேயர். இடுப்புல கத்தி கட்டிக்கிட்டு அலையறவங்க இருக்கிற இடத்துல, ஒரு நைலான் கயித்தை எதுக்குக் கட்டிங் பிளேயரால வெட்டணும்? சரி, மோந்து பாரு.”

“மேடம், என்னை வேலையை விட்டு வேணும்னா எடுத்துடுங்க.”

“மோந்து பாருன்னா.”

கைலாஷ் கர்ச்சீப்பை இறக்கி, அண்ணாமலையாரை நினைத்துக்கொண்டு, மூக்கைக் கொண்டுபோனான். ஏரியே மீனாக நாறிக்கொண்டிருந்த அந்த இடத்தில் அவன் மூக்கு வேறொன்றைப் பிடித்துவிட்டது. மீன் என்றால் அலறி ஓடுகிற மூக்கு என்பதால்தான் பிடித்தது.

“கிரீஸ்!” என்றான். “என் ஸ்கூட்டர் வாசனை, மேடம்!”

“ஆதவன், பிணத்தைக் கரையில போட்டப்ப கால்ல இருந்த கயித்தை அவிழ்த்தது யாரு?”

“அண்ணன்தாங்க. யாரையும் கிட்ட விடல. தம்பி காலைக் கட்டிக்கினு அழுதாரு. போலீஸ் வர்றதுக்குள்ள அவரே எடுத்துட்டாரு.”

“அவருக்கு என்ன கடை?”

“டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ்.”

தாட்சாயிணி கரையில் இருபது அடி அந்தப் பக்கம் போனார், இருபது அடி இந்தப் பக்கம் வந்தார். கைலாஷ் நசுங்கிய நுனியை மறுபடி பார்த்தான்; உள்ளே கம்பி இருந்திருக்கிறது. பைக் கேபிள், கிரீஸ், தம்பி, குத்தகை. அவன் மனதில் கணக்கு தானாகப் போட்டுக்கொண்டது.

“மேடம், அப்ப அண்ணனே தம்பியை...”

“வடக்கு வலையைத் தொட விடாததும் அதனாலதான். அந்தக் கயித்தை எடுத்துக் காட்டினா உள்ள கம்பி இருக்குன்னு நிரூபிக்கலாம். வச்சது யாருன்னு எப்படி நிரூபிப்ப? செத்தவனே வச்சுக்கிட்டான்னு அவர் சொல்லிட்டா? மணி ரெண்டே முக்கால் ஆகப் போகுது. ஒருத்தன் அந்தக் கயித்துல மாட்டிக்கிட்டுத் தவிக்கிறதை அவர் பாக்கணும். கொலைகாரனா இருந்தா சும்மா நின்னு வேடிக்கை பாப்பாரு.”

“கொலைகாரனா இல்லைன்னா?”

“அதையும் பாத்துடலாம்.”

“நல்ல யோசனை” என்றான் கைலாஷ். “ஆனா மாட்டிக்கிறதுக்கு எவன் ஒத்துப்பான்?”

தாட்சாயிணி அவனையே பார்த்தார்.

கால் மணி நேரத்தில் அண்ணாமலையார் கோயில் குருக்கள் மகன் பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு லாரி டியூபின் மேல் கட்டிய பலகையில் உட்கார்ந்திருந்தான். பாஞ்சாலை தீட்டிய ஆதவனின் கத்தியை அவன் இடுப்பில் கயிறு போட்டுக் கட்டினார்கள். ஆதவன் டியூபுக்குப் பின்னால் கழுத்துவரை தண்ணீருக்குள் மறைந்து நீந்தித் தள்ளிக்கொண்டு வந்தான்.

“பயப்படாத சாமி. கயித்தை மேலாப்புல கால்ல போட்டுக்கினு, காப்பாத்துங்கன்னு கத்து. நான் இங்கதான் கீறேன்.”

“ஆழம் எவ்ளோ?”

“கம்மிதான். ரெண்டு ஆளு.”

“எந்த ரெண்டு ஆளு?” என்றான் கைலாஷ். ஆதவன் சிரித்தான். கைலாஷ் சிரிக்கவில்லை.

கரையில் ஒரு பைக் வந்து நின்றது. வடக்கு வலையை நாங்களே எடுக்கப்போகிறோம் என்று தாட்சாயிணி போனில் சொன்னதுமே சக்கரவர்த்தி கடையைப் போட்டது போட்டபடி கிளம்பியிருக்கிறார். கொஞ்ச தூரம் தள்ளி போலீஸ் ஜீப்பும் வந்து நின்றதைக் கைலாஷ் பார்த்தான்.

“யாரைக் கேட்டு எடுக்கிறீங்க? கூப்பிடுங்க அவனை!” என்று அவர் தாட்சாயிணியிடம் கத்தினார்.

“நாறுதுன்னு ஊரே சொல்லுதுங்களே. எடுத்தா என்ன?” என்றார் தாட்சாயிணி, கைப்பையில் எதையோ தேடிக்கொண்டே.

வலையின் கழி வந்துவிட்டது. கைலாஷ் பச்சைக் கயிற்றைத் தூக்கி, சொன்னபடி, மேலோட்டமாகக் கணுக்காலில் போட்டான். “ஐயோ, காலு மாட்டிக்கிச்சு! காப்பாத்துங்க!” என்று கத்தினான். நாடகம் மோசம்தான். ஊர்த் திருவிழா நாடகத்தில்கூட அவனைச் சேர்த்திருக்க மாட்டார்கள்.

அப்போதுதான் காற்று ஒரு தூக்குத் தூக்கியது.

டியூப் அவனுக்கு அடியிலிருந்து விலகியது. கழி சாய்ந்தது. கயிற்றுச் சுருக்கு கணுக்காலில் இறுகிக் காலைக் கீழே இழுத்தது. தண்ணீர் மார்புக்கு வந்தது, தாடைக்கு வந்தது, வாய்க்குள் போனது. அழுகிய மீனின் நாற்றம் தொண்டை வரைக்கும் இறங்கியது. ஆதவன் டியூபோடு நாலடி அந்தப் பக்கம் தள்ளிப் போயிருந்தான்.

“ஆதவா!” என்று கைலாஷ் கத்தினான். இந்தத் தடவை நாடகம் இல்லை.

கை தானாகக் கத்தியைத் தேடிற்று. ரப்பர் சுற்றிய பிடி ஈரத்தில் வழுக்காமல் கைக்குள் வந்தது. தண்ணீருக்கடியில் கயிற்றின் மேல் வைத்து இழுத்தான். அம்மாடி, என்ன கூர்மை! இரண்டே இழுப்பில் நைலான் விட்டுவிட்டது. பிழைத்தோம் என்று நினைத்தான். மூன்றாவது இழுப்பில் கத்தி நின்றது. கிர்ரென்று ஒரு அதிர்வு கை வழியாகப் பல்லு வரைக்கும் ஏறியது. மறுபடி இழுத்தான். கிர்ர். மறுபடி. கிர்ர். நைலான் முழுக்க அறுந்துபோன பிறகும் கால் மட்டும் வரவில்லை.

வளவன் எதை அறுத்தான் என்பது கரையிலேயே தெரிந்த விஷயம்தான், அவன் கைக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்தும் பிரயோசனம் இல்லை.

“அறுக்காதே!” என்று கரையிலிருந்து ஒரு குரல் அலறியது. “அறுக்காதய்யா, அது அறாது! உள்ள கிளட்ச் வயர் கீது! கழிக்கு மேல உருவு! டேய் ஆதவா, முடிச்சை மேல உருவுடா!”

சக்கரவர்த்தி தண்ணீருக்குள் ஓடிவந்துகொண்டிருந்தார். செருப்போடு, சட்டையோடு, இடுப்பளவு வந்து, மார்பளவு வந்து, நீச்சல் தெரியாதவர் கையை அடித்துக்கொண்டு, இன்னும் முன்னால் வரப் பார்த்தார். “எம் தம்பி மாதிரி அறுத்துக்கினே இருக்காதடா! மேல உருவு!”

ஆதவன் பாய்ந்து வந்து கழியைத் தன் பக்கம் சாய்த்துச் சுருக்கை அதன் தலை வழியாக உருவினான். கைலாஷின் கால் விட்டது. டியூபைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவன் குடித்த ஏரியையெல்லாம் திரும்ப ஏரிக்கே கொடுத்தான்.

கரைக்கு இழுத்து வந்தபோது தாட்சாயிணி முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. கைலாஷின் தோளைப் பிடித்து ஒரு முறை அழுத்திவிட்டு உடனே விட்டுவிட்டார்.

“சம்பளத்தை ஏத்துங்க” என்றான் கைலாஷ், இருமலுக்கு நடுவில்.

இன்ஸ்பெக்டர் அருணாதேவி சக்கரவர்த்தியின் சட்டையைப் பிடித்துக் கரையேற்றினார். “உள்ள வயர் இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

சக்கரவர்த்தி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். மறுக்கிற தெம்பு அவரிடம் இல்லை.

“நான்தான் வச்சேன்” என்றார். “போன மாசம் ரெண்டு வலையைத் திருடன் அறுத்துக்கினு பூட்டான். கழியாண்ட ஒரே வெட்டு, வலை மொத்தமும் போச்சு. இனிமே எவன் அறுக்கிறான்னு பாக்கலாம்னு ஞாயித்துக்கிழமை நாலு முனையிலயும் கயித்துக்குள்ள வயரைக் கோத்து வச்சேன். தம்பிகிட்ட சொல்லணும்னு இருந்தேங்க. கடையில கூட்டம் ஜாஸ்தி. ராத்திரி சொல்லிக்கலாம்னு நினைச்சேன். மறுநாள் சொல்லிக்கலாம்னு நினைச்சேன். திருடன் கத்தியை மட்டும்தாங்க நினைச்சேன். அவன் கையிலயும் ஒரு கத்தி இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லை.”

கொலைகாரன் என்று கைலாஷ் முடிவு கட்டி வைத்திருந்த ஆள், மூக்கு ஒழுக அழுதுகொண்டிருந்தார். கைலாஷுக்கு அவரை அடிக்கவும் தோன்றியது, தூக்கி நிறுத்தவும் தோன்றியது.

“அப்ப பாஞ்சாலை மேல எதுக்குப் புகார் குடுத்த?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“கத்தி மழுங்கல்னு நாலு பேர் சொன்னாங்க. எங்கம்மா பக்கத்துல நின்னுக்கினு இருந்தாங்க. நானும் ஆமான்னுட்டேன். ஒரு தடவை ஆமான்னப்புறம் திரும்ப வர முடியலைங்க.”

ஜீப்பிலிருந்து பாஞ்சாலை இறங்கி வந்தாள். கூட வந்த பெண் போலீஸ் தடுக்கவில்லை. பாஞ்சாலை நேராக அவர் முன்னால் வந்து நின்றாள்.

“மூணு நாளு” என்றாள். “மூணு நாளு நானே என் கையைச் சந்தேகப்பட்டேன்யா. கடைசி இழுப்பைச் சரியா இழுத்தேனா இல்லையான்னு கண்ணை மூடினா அதேதான். எம் பொண்ணை அந்த டீக்கடைப் பக்கம் நடக்க முடியாம பண்ணிட்ட. எந்த நாலு பேர் முன்னாடி சொன்னியோ, அதே நாலு பேர் முன்னாடி பாஞ்சாலை கத்தி நல்ல கத்தின்னு சொல்லிட்டு அப்புறம் ஜீப்புல ஏறு.”

“சொல்றேன்” என்றார் சக்கரவர்த்தி. “இப்பவே சொல்றேன்.”

“கால்லேருந்து எடுத்த கயிறு எங்க?” என்றார் தாட்சாயிணி.

அவர் பைக்கைக் காட்டினார். சைடு பெட்டிக்குள் பேப்பரில் சுற்றி வைத்திருந்தார். தூக்கிப் போட மனசு வரவில்லை என்றார். ஆதவன் போய் எடுத்து வந்து பாஞ்சாலையின் கையில் கொடுத்தான். அவள் பிரித்தாள். மேலே இருந்த நைலான் சுற்றிலும் சுத்தமாக அறுபட்டிருந்தது, ஒரு பிசிர் இல்லை. உள்ளே கிரீஸ் பூசிய கம்பி. பாஞ்சாலை அதை வெயிலுக்கு நேரே பிடித்தாள்.

சக்கரவர்த்தி தலையைத் தூக்கினார். கேட்க வேண்டாம் என்றுதான் இருந்திருப்பார். ஆனால் இத்தனை நாளாக அவரை வீட்டிலும் கடையிலும் உட்காரவிடாமல் அடித்தது அந்த ஒரே கேள்விதான்.

“அக்கா” என்றார். “உங்களுக்குத் தெரியும். ரொம்ப நேரம் அறுத்திருப்பானா?”

கைலாஷ் பாஞ்சாலைக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். மெல்லிய இழைகள் பத்தொன்பது இருபதைச் சேர்த்து முறுக்கிய கம்பி அது. ஒவ்வொன்றாக அறுந்து, நுனி சுருண்டு நின்றன. அறுபடாமல் மிச்சம் இருந்தவற்றை அவன் எண்ணினான். மூன்று.

பாஞ்சாலையும் எண்ணியிருப்பாள். அவளுடைய கட்டை விரல் அந்த மூன்று இழைகளின் மேல் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அவள் கம்பியைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

“இல்லய்யா” என்றாள். “ரெண்டு இழுப்புதான். உடனே மயக்கம் வந்திருக்கும். ஒண்ணும் தெரிஞ்சிருக்காது அவனுக்கு.”

சக்கரவர்த்தி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

பாஞ்சாலை அவர் பார்க்காத பக்கமாகத் திரும்பி, மூடிய கையை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள். அருணாதேவி அந்தக் கம்பியை வாங்கிப் பார்த்தார், கவரில் போட்டு மூடினார்.